பகல் தூக்கத்திலிருந்து அழுதுகொண்டே எழும் கைக்குழந்தை: முதன்முறைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் மகளுக்கு மூன்று மாதம் முடிந்து, தஞ்சாவூரில் மனைவியின் தாய்வீட்டிலிருந்து திருச்சியிலுள்ள எங்கள் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்த முதல் வாரத்திலேயே, பகலில் எப்போது தூங்கவைத்தாலும் முக்கால் மணி நேரத்துக்குள் வீறிட்டு அழுதுகொண்டு எழத் தொடங்கினாள். இரவில் அவ்வளவு தொந்தரவு இல்லை. பகலில்தான் நான்கு தூக்கம், நான்கு அழுகை. ஒவ்வொரு முறையும் பசி என்று நினைத்துப் பால் கொடுத்தோம். பாதி குடித்துவிட்டு மேலும் அழுதாள். வாயுத் தொல்லை என்றார்கள், உரம் விழுந்திருக்கிறது என்றார்கள், வீடு மாறியதால் ஏற்பட்ட திருஷ்டி என்றார்கள். ஏறக்குறைய ஏழு வாரம் இப்படிப் போன பிறகுதான் ஓர் ஒழுங்குமுறை எங்கள் கைக்கு வந்தது. அந்த ஏழு வாரத்தை நீங்கள் ஏழெட்டு நாளாகச் சுருக்கிக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் பகல் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட தகப்பன். பிறந்தது முதல் எட்டு ஒன்பது மாதம் வரையிலான குழந்தைகளை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முக்கியமாக, முதல் படியைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

1. மருத்துவரிடம் போக வேண்டிய அழுகையை முதலில் பிரித்துவிடுங்கள்

தூங்கி எழும்போது வரும் அழுகை பெரும்பாலும் நோயின் அறிகுறி அன்று. ஆனாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தால்கூட, குறிப்பேடு எழுதுவது, நேரம் கணக்கிடுவது எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுக் குழந்தையை உடனே தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், வேறெந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், இரவோ பகலோ பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தொட்டுப் பார்த்துச் சொல்லும் காய்ச்சல் கணக்கில் சேராது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், எங்களுக்கு 180 ரூபாய் ஆனது. பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், உச்சிக்குழி புடைத்திருத்தல், வழக்கத்துக்கு மாறான கீச்சுக்குரல் அல்லது ஈனக்குரல் அழுகை, எழுப்பினாலும் துவண்டு கிடத்தல், பால் குடிக்க மறுத்தல், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமலிருத்தல், மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுத்தல், வலிப்பு ஆகியவையும் அப்படித்தான். ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை திடீரென்று காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுது, சில நிமிடத்தில் ஓய்ந்து, கால் மணி இருபது நிமிடத்தில் மீண்டும் அதேபோல் அழுதால், குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. இதில் தாமதம் கூடவே கூடாது. வண்டி இல்லையென்றால் 108.

இவை எதுவும் இல்லையென்றால், அடுத்த முறை அழுதுகொண்டு எழும்போது வெளிச்சத்தில் குழந்தையின் உடைகளை முழுவதும் கழற்றி, தலை முதல் கால் வரை ஒருமுறை பாருங்கள். காது மடலின் பின்புறம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வேர்க்குரு அல்லது எறும்புக் கடி இருக்கிறதா? கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நான்காம் மாதத்தில் தாய்மார்களுக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும்; அதில் ஓர் இழை காலுறைக்குள் போய்க் குழந்தையின் விரலில் இறுகச் சுற்றிக்கொண்டால் விரல் சிவந்து வீங்கிவிடும். எங்கள் மகளின் நாலாவது கால் விரலில் அப்படி ஓர் இழை தளர்வாகக் கிடந்ததை ஒரு நாள் பார்த்தேன். இறுகுவதற்கு முன்னால் அவிழ்த்துவிட்டதால் தப்பித்தோம். இறுகிப் பதிந்திருந்தால் வீட்டில் கத்தரிக்க முயலாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சளி பிடித்த குழந்தை, தூக்கி வைத்திருக்கும்போது சும்மா இருந்து, படுக்கவைத்தால் மட்டும் அழுமானால் காதுவலியாக இருக்கலாம்.

2. ஏழு நாளுக்கு ஒரு குறிப்பேடு எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் சலிப்பாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். நாங்களும் விட்டோம், ஏழு வாரம் வீணானதற்கு அதுவே காரணம். நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் நூல் கட்டிய பேனா ஒன்றையும் குழந்தை தூங்கும் இடத்துக்கு அருகில் வையுங்கள். கைப்பேசியில் எழுத வேண்டாம். அதை எடுத்தவுடன் வேறு எங்கோ போய்விடுவோம், பாட்டியோ உதவிக்கு வருகிற அக்காவோ அதில் எழுதவும் மாட்டார்கள்.

ஒவ்வொரு தூக்கத்துக்கும் எழுத வேண்டியவை இவ்வளவுதான்: கடைசியாகப் பால் குடித்த நேரம், தூங்கிய நேரம், எங்கே எப்படித் தூங்கவைத்தீர்கள், எழுந்த நேரம், அழும்போது கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, எதைச் செய்தபோது அழுகை அடங்கியது. எங்கள் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: “பால் 10.10. தூக்கம் 10.55, தூளி, ஆட்டித்தான் தூங்கினாள். எழுந்தது 11.38. கண் மூடியபடியே அழுகை. பால் கொடுத்தோம், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோளில் போட்டு மூன்று நிமிடத்தில் அடங்கிற்று, பிறகு அரை மணி நேரம் தோளிலேயே தூக்கம்.” தோளில் மீண்டும் அரை மணி நேரம் தூங்கியவளுக்குப் பசி இல்லை என்பது எழுதிப் பார்த்த பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது.

அந்த வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. நான்கு நாள் தொடர்ந்து 11.35க்கும் 11.45க்கும் இடையில் எழுந்திருந்தாள். வயிற்றில்தான் கோளாறு என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டு உரிமையாளர் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடும் நேரம் அது என்று மனைவி சொன்னாள். தூளி தொங்கிய உத்தரத்தை ஒட்டிய சுவரின் மறுபக்கத்தில்தான் மோட்டார். சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரிந்தது. இடத்தை மாற்றியதும் அந்த ஒரு தூக்கம் மட்டும் அன்றைக்கே நீண்டது. உங்கள் வீட்டில் அது குக்கர் விசிலாகவோ, ஒலிபெருக்கி வைத்த காய்கறி வண்டியாகவோ, மின்வெட்டில் மின்விசிறி நிற்பதாகவோ இருக்கலாம்.

இந்த ஏழு நாளில் வேறெந்த மாற்றமும் செய்யாதீர்கள். மாற்றம் தொடங்கிய பிறகும் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அதற்கு மூன்று நாளாவது தர வேண்டும். இல்லையென்றால் எது பலித்தது என்றே தெரியாது.

3. எத்தனையாவது நிமிடத்தில் எழுகிறது என்பதிலிருந்து காரணத்தைத் தேடுங்கள்

குழந்தையின் தூக்கம் பெரியவர்களுடையதைப் போன்றதன்று. ஒரு தூக்கச் சுழற்சி ஏறக்குறைய 45 முதல் 60 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பச்சிளங்குழந்தையின் தூக்கத்தில் பாதி அளவு அசைவுத் தூக்கம்: இமைக்குள் கண் உருளும், முகம் சுளிக்கும், சிரிக்கும், முனகும், சில சமயம் ஓரிரு நொடி அழவும் செய்யும். இவ்வளவும் தூக்கத்துக்குள்ளேயே நடப்பவை. ஒரு சுழற்சி முடிந்து அடுத்ததற்குள் நுழையும் இடம்தான் மெல்லிய இடம். அங்கே குழந்தை அரைகுறையாக விழித்து, தூங்கும்போது இருந்த ஆட்டமோ தோளோ இப்போது இல்லையே என்று அழுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நோட்டைப் பார்த்தால் எழும் நேரங்கள் பெரும்பாலும் மூன்று கூட்டமாகப் பிரிந்து நிற்கும்.

பத்து இருபது நிமிடத்துக்குள் எழுந்தால், ஆழ்ந்து தூங்குவதற்கு முன்பே கீழே படுக்கவைத்திருக்கலாம், ஏப்பம் விடாமல் படுக்கவைத்திருக்கலாம், அல்லது திடுக்கிட்டிருக்கலாம். திடீரென்று இரு கைகளையும் விரித்து உதறி அழுவது பிறவியிலேயே உள்ள அனிச்சைச் செயல். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தானாக மறையும். இதற்குப் பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கவைப்பது உதவும். ஆனால் இடுப்பும் கால்களும் மடக்கி அசைக்கும்படித் தளர்வாக இருக்க வேண்டும், மல்லாக்காகத்தான் படுக்கவைக்க வேண்டும், நம் ஊர் வெயிலில் உள்ளே வேறு உடை வேண்டியதில்லை, குப்புற விழ முயலும் முதல் அறிகுறி தெரிந்ததும் துணி சுற்றுவதை அடியோடு நிறுத்திவிட வேண்டும்.

முப்பது முதல் ஐம்பது நிமிடத்துக்குள், கண்ணை மூடியபடியோ எங்கோ வெறித்தபடியோ அழுதுகொண்டு எழுந்தால், தூக்கம் முடியவில்லை என்று பொருள். எங்கள் மகளின் அழுகையில் முக்கால்வாசி இந்த வகைதான். இந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்து விளையாட்டுக் காட்டி எழுப்பி உட்காரவைப்பதுதான் நாம் செய்யும் தவறு. அடுத்த தூக்கத்துக்கு அது அதிகக் களைப்போடு போகும், அதிலிருந்து இன்னும் மோசமாக அழுதுகொண்டு எழும். மாலை ஆறு மணிக்குள் வீடே களைத்துவிடும்.

ஒன்றரை, இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு அழுதால், பசியையும் ஈரத்தையும் பாருங்கள். கையைச் சப்புவது, தலையை இருபுறமும் திருப்பி வாயால் தேடுவது ஆகியவை அழுகைக்கு முன்னாலேயே தெரியும். முதல் சில வாரங்களில் 24 மணி நேரத்துக்கு 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு என்பதால், ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த நிமிடக் கணக்கையெல்லாம் வைத்துப் பாலைத் தள்ளிப்போடாதீர்கள். கேட்கும்போது கொடுங்கள்.

4. அழுகை கேட்டதும் என்ன செய்வது

முதலில் நின்று பாருங்கள். அரைத்தூக்க முனகலாக இருந்தால் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம், அருகில் இருந்தபடியே எதுவும் செய்யாமல் இருங்கள். பத்தில் இரண்டு மூன்று முறை தானே அடங்கித் தூங்கிவிட்டாள் என்பது எங்கள் நோட்டுக் கணக்கு. அழுகை வலுத்தால் காத்திருக்க வேண்டாம். கையை மார்பின் மேல் மெதுவாக வைத்து, ஒரே சீரான குரலில் “ஷ்ஷ்” என்றோ “ஆராரோ” என்றோ சொல்லுங்கள். அடங்காவிட்டால் தூக்கித் தோளில் போட்டு, அதே இருட்டில், அதே இடத்தில் நில்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தூக்கம் முடிந்தது என்று ஏற்றுக்கொண்டு, டயப்பரைப் பார்த்து, பால் கொடுங்கள்.

நாங்கள் செய்த தவறு, அழுகை கேட்டதும் மூன்று பேர் ஓடியதுதான். ஒருவர் விளக்கைப் போடுவார், ஒருவர் கிலுகிலுப்பையை ஆட்டுவார், நான் கைப்பேசியில் காக்கா பாட்டு போடுவேன். அரைத்தூக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு இது திருவிழாக் கூட்டத்தில் கண் விழித்ததைப் போலிருக்கும். ஒருவர் மட்டும் போக வேண்டும், யார் போவது என்பதை முன்னரே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு முயன்றும் அழுகை நிற்காமல் உங்களுக்கே கை நடுங்கும் நிலை வந்தால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்காகப் படுக்கவைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தி, ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது; ஆத்திரத்தில் பிடித்துக் குலுக்கினால் மூளையில் ரத்தக் கசிவு ஏற்படும். பிரசவித்த பெண் இரண்டு வாரத்துக்கு மேல் காரணமின்றி அழுதாலோ, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று சொன்னாலோ அதைச் சோம்பல் என்று பேசாதீர்கள். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

5. விழித்திருக்கும் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

பகல் முழுவதும் விழிக்கவைத்தால் நன்றாகத் தூங்கும் என்ற கணக்கு பெரியவர்களுக்குப் பொருந்தும், குழந்தைக்குப் பொருந்தாது. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை தூங்குவதற்கும் அடம்பிடிக்கும், முழுத் தூக்கமும் தூங்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, மூன்று மாதம் வரை பகலும் இரவும் சேர்த்து நாளுக்கு 14 முதல் 17 மணி நேரமும், நான்கு முதல் பதினோரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும் தூக்கம் தேவை. இதை வைத்துப் பார்த்தால் இரண்டு தூக்கங்களுக்கு நடுவே விழித்திருக்கும் நேரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. முதல் இரண்டு மாதத்தில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். மூன்று மாதத்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி. ஐந்து மாதத்தில் இரண்டு மணி அளவு. ஏழெட்டு மாதத்தில் இரண்டரை முதல் மூன்று மணி. இவை தோராயமானவை, உங்கள் குழந்தை அரை மணி முன்பின் இருக்கலாம்.

கடிகாரத்தைவிட முகம் நம்பகமானது. புருவத்தைச் சுற்றிச் சிவப்பது, நம் கண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது, காதை இழுப்பது ஆகியவை முதலில் வரும், கொட்டாவி அதற்கடுத்து. கண்ணைக் கசக்கிச் சிணுங்கும் வரை காத்திருந்தால் ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டது. எங்கள் வீட்டில் மூன்று மாதக் குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விழிக்கவைத்திருந்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தூக்கிக் கொஞ்ச வேண்டுமல்லவா. அதை ஒன்றேகால் மணி நேரமாகக் குறைத்த ஆறாவது நாளில் 43 நிமிடம் 70 நிமிடமாயிற்று. வேறெதையும்விட இந்த ஒரு மாற்றமே எங்களுக்கு அதிகம் பலித்தது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால், பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து மாதத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

6. தூளியும் படுக்கையும்

தூளியைப் பற்றிப் பேசாமல் நம் வீடுகளில் குழந்தைத் தூக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆட்டத்தில் தூங்கப் பழகிய குழந்தை, ஆட்டம் நின்ற இடத்தில் விழித்து அழுவது இயல்பு. பாதுகாப்பு என்ற கணக்கில், சமமான, கெட்டியான, தலையணையோ பொம்மையோ கனத்த போர்வையோ இல்லாத படுக்கையில் மல்லாக்காகப் படுக்கவைப்பதையே குழந்தை மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். தூளிக்குள் முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சு தடைப்படும், துணி முகத்தின் மேல் மூடிக்கொள்ளும், கோடையில் உள்ளே காற்றும் போகாது. வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் அவர்கள் ஏறி ஆடும் ஆபத்து வேறு.

தூளியிலிருந்து தரைப் படுக்கைக்கு மாற்ற எங்களுக்குப் பதினோரு நாள் ஆனது. முதல் மூன்று நாள், காலையில் வரும் முதல் தூக்கத்தை மட்டும் தரையில் வைத்தோம். பகல் தூக்கங்களிலேயே எளிதில் வருவது அதுதான். தூங்கவைத்த பிறகு படுக்கவைக்காமல், கண் சொக்கும்போதே படுக்கவைத்துத் தட்டிக் கொடுத்தோம். கீழே வைக்கும்போது முதலில் கால், பிறகு பிட்டம், கடைசியில் தலை. தலையை முதலில் இறக்கினால் விழுவதைப் போலத் திடுக்கிடும். என் மாமியாரின் பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் பாயின் மேல் இழுத்துச் செருகியதால் வாசனையும் மாறவில்லை, செலவும் இல்லை.

அறையில் வேறு இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் புழுக்கம், உடையைக் குறையுங்கள். கொசுவத்திச் சுருளோ திரவமோ ஏற்றாமல் குடை போன்ற கொசுவலையைக் கவிழ்த்துவிடுங்கள். கடைவீதியில் 350 ரூபாய்க்கு வாங்கினோம்.

7. சொல்கிறார்களே என்று செய்துவிடக் கூடாதவை

சுற்றிப்போடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. மிளகாயை நெருப்பில் போடும்போது மட்டும் குழந்தையை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். குளித்ததும் சாம்பிராணிப் புகைக்கு மேல் குழந்தையைப் பிடிப்பது நுரையீரலுக்கு ஆகாது.

தூக்கும்போது அழுகிறது என்றால் உரம் விழுந்திருக்கிறது என்பார்கள். வேட்டியில் போட்டு இருவர் இரு முனையைப் பிடித்து உருட்டுவார்கள். எங்கள் தெருவில் இதற்கென்றே ஒரு பாட்டி இருக்கிறார், அன்பானவர், காசும் வாங்க மாட்டார். கழுத்து நிற்காத குழந்தையை அப்படி உருட்ட நான் சம்மதிக்கவில்லை, இரண்டு நாள் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. தூக்கினால் மட்டும் அழும் குழந்தைக்கு எலும்பிலோ மூட்டிலோ வலி இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். தொக்கம் எடுப்பதாக, அதாவது உள்ளே சிக்கிக்கொண்டதை வெளியே எடுப்பதாகச் சொல்லி வாயை வைத்து உறிஞ்சுவதும் குழல் வைத்து ஊதுவதும் இதைவிட ஆபத்தானவை.

உரைமருந்தில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எல்லாம் சேரும். ஜாதிக்காய் கொடுத்தால் தூங்குகிறதே என்று மகிழாதீர்கள். அது மயக்கம், அளவு கூடினால் நஞ்சு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர, அல்லது மருத்துவர் எழுதிக்கொடுத்த பால்மாவு தவிர, தண்ணீர்கூட வேண்டியதில்லை. சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் ஆகியவையும் இதில் அடக்கம். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவவே கூடாது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள்.

தடுப்பூசி போட்ட நாளிலும் மறுநாளிலும், அதாவது 6, 10, 14 வாரங்களில், தூங்கி எழும்போதெல்லாம் அழுவது இயல்பு. அப்போது கொடுக்கும் பாரசிட்டமாலில் ஒரு கண்ணி இருக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கே 120 அல்லது 250 மில்லிகிராம்தான். சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் பல மடங்காகிவிடும். எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி, புட்டியின் மேலேயே ஒட்டிவையுங்கள்.

8. மருத்துவரிடம் போகும்போது: ஆவணம், செலவு, நேரம்

நோட்டு எழுதி, நேரத்தைச் சரிசெய்து, இரண்டு மூன்று வாரம் ஆகியும் மாற்றமில்லையென்றால் குழந்தை மருத்துவரை ஒருமுறை பாருங்கள். கையில் கொண்டுபோக வேண்டியவை: தடுப்பூசிப் பதிவும் எடைப் பதிவும் உள்ள தாய்சேய் நல அட்டை, பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம், இதுவரை கொடுத்த மருந்துகளின் சீட்டு அல்லது புட்டிகள், உங்கள் குறிப்பேடு, எழும் தருணத்தில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி. மருத்துவரின் அறையில் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அந்தக் காணொளிதான் உங்கள் சாட்சி.

முதல் முறை நான் எதுவுமில்லாமல் போய், “எப்பவும் அழுதுகிட்டே இருக்கா டாக்டர்” என்று மட்டும் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வயிற்றுவலிச் சொட்டு மருந்தோடு வெளியே வந்தோம். கட்டணம் 400, மருந்து 160, ஆட்டோ 200, பலன் ஒன்றுமில்லை. இரண்டாம் முறை வேறொருவரிடம் நோட்டோடு போனபோது அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, மருந்து எதுவும் எழுதாமல், எடையை மட்டும் பார்த்தார். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறியிருக்கிறதா, 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் ஆம் என்றால் பால் போதவில்லை என்ற கவலையை விட்டுவிடலாம் என்றார்.

எடை பார்க்கவும் தடுப்பூசி போடவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணம் இல்லை. காலை பத்து மணிக்குள் போய்விட்டால் கூட்டம் குறைவு. குழந்தையின் முதல் தூக்கம் முடிந்து பால் குடித்த பிறகு கிளம்பும்படி நேரம் வைத்துக்கொண்டால், வரிசையில் நிற்கும்போது உங்கள் பாடு எளிது. நள்ளிரவில் சந்தேகம் வந்தால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழைக்கலாம்.

9. வேலைக்குத் திரும்பும் தாயும், பொறுப்பேற்கும் கையும்

மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்திருந்தால், குழந்தைக்கு நான்கரை மாதம் முடிவதற்குள் தாய் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். அது சரியாகத் தூக்கமுறை மாறும் பருவம். எனவே விடுப்பு முடிவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே, பகலில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் நாளுக்கு ஒரு தூக்கத்தையாவது தாம் தூங்கவைத்துத் தாமே எழுப்பத் தொடங்க வேண்டும். கடைசி நாளில் கை மாற்றினால், கண் விழித்ததும் வேறு முகம் தெரிந்து குழந்தை இன்னும் அழும். ஏழெட்டு மாதத்தில் தாயைப் பிரிய மறுக்கும் அழுகையும் வந்து சேரும்.

ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு என்பது சட்டம். வாய்மொழியாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பணியில் சேரும் நாளுக்கு ஒரு மாதம் முன்பு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், பிறப்புச் சான்றிதழ் நகலை இணையுங்கள். பீய்ச்சி வைக்கும் தாய்ப்பாலை நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைக்காமல் உடனே குளிர்பெட்டியில் வைத்து, அன்றைக்குள் கொடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கிண்ணத்தை வைத்துச் சூடாக்க வேண்டும், அடுப்பில் அன்று.

பார்த்துக்கொள்பவருக்கு அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எவ்வளவு நேரம் விழித்திருக்கும், எந்த அறிகுறிக்குப் படுக்கவைப்பது, எழுந்து அழுதால் முதலில் என்ன, அடுத்து என்ன. நாங்கள் எழுதிய காகிதம் இன்னும் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் தொங்குகிறது. அதில் மாமியார் தம் கையெழுத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “11.30க்கு மோட்டார் போட வேண்டாம்னு கீழ்வீட்டில் சொல்லியாச்சு.”

10. எவ்வளவு நாளில் சரியாகும்

ஆறு முதல் எட்டு வாரத்தில் அழுகை உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் குறையும். பகல் தூக்கங்கள் சேர்ந்து நீள்வதற்குப் பெரும்பாலும் ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை ஒரு நாளில் ஒரு தூக்கம் நீண்டதாக அமைந்தாலே போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒன்றில் வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் படுக்க வேண்டும். பல் முளைக்கும்போதும், சளி பிடிக்கும்போதும், ஊருக்குப் போய் வந்த பிறகும், குப்புற விழவும் தவழவும் பழகும் வாரங்களிலும் பழைய அழுகை திரும்பும். அப்போது புதிதாக எதையும் தொடங்காமல் முதல் படியில் சொன்ன உடல் சோதனையை ஒருமுறை செய்துவிட்டு, ஒரு வாரம் மட்டும் நோட்டைத் திரும்ப எடுங்கள். ஆறு மாதத்தைத் தாண்டிய பிறகு நோட்டில் இன்னொரு கட்டம் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அன்றைக்குப் புதிதாக ஊட்டிய உணவு என்ன, எத்தனை மணிக்கு ஊட்டினீர்கள் என்பது.